யாரும் உட்காராத முன் சீட்

எங்கள் வீட்டு ஜீப்பைப் பார்த்து வாய்பிளந்தவர்கள் யாரையும் எனக்குப் பிடித்ததில்லை. கண்டிக்கு அருகே மடவளைப் பக்கம் எங்கள் வீட்டைத் தேடி வருகிறவர்களுக்கு வழிசொல்லும் கடைக்காரர்கள்கூட "பழைய ஜீப் நிக்கிற வீடு" என்றுதான் சொல்வார்கள். அந்த வீட்டில் மனிதர்களும் இருந்தார்கள் என்பது யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. வருகிறவர்கள் முதலில் பொனட்டைத் தடவுவார்கள், பிறகு டயரை உதைத்துப் பார்ப்பார்கள், கடைசியில் இந்தக் காலத்தில் இப்படி ஒன்றை யார் வைத்திருக்கிறார்கள் என்று அப்பாவைப் புகழ்வார்கள். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோவில் தர்மகர்த்தா மாதிரி நிற்பார். கதவோரம் நின்று இந்தக் கூத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜீப் எங்களுக்கு வந்த கதையை அப்பா சொல்வது ஒரு விதம், நடந்தது இன்னொரு விதம். என் தாத்தா, அதாவது அப்பாவின் அப்பா, தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைக்கு டிரைவராக இருந்தவர். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து வெகுகாலமாகியும் அந்தத் துரை அசையவில்லை. தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்ற பேச்சு உறுதியான பிறகுதான் பெட்டியைக் கட்டினார். அப்பாவின் கதையில், துரை தாத்தாவைக் கட்டிப்பிடித்துக் கண்ணீர் விட்டு, இது உன் சொத்து என்று சொல்லிச் சாவியைக் கையில் வைத்தார். கேட்கிற ஆள் கொஞ்சம் வசதியானவராக இருந்தால் துரை இரண்டு தடவை அழுவார்.

அதே தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர்கள் அம்மாவின் வீட்டார். அவர்கள் சொன்னது வேறு. இஞ்சின் இறுகி, பங்களாவின் பின்பக்கம் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த வண்டி அது. துரை வேறு யாரோ ஒருவரின் காரில் ஏறிப் போனார். கொண்டுபோக முடியாமல் விட்டுப்போனவை ஒரு கிழட்டு நாயும் இந்த ஜீப்பும். நாய் துரை போன ரோட்டைப் பார்த்துக் கொஞ்ச நாள் குரைத்துவிட்டு, தொழிலாளர் லயத்து நாய்களோடு சேர்ந்துகொண்டது. எங்கள் குடும்பத்துக்கு அந்தத் தெளிவு வரவில்லை.

தாத்தா ஜீப்பை ஓடவைத்தார் என்பதை நான் மறுக்கவில்லை. கெட்டிக்கார மனிதர். இந்தியாக்காரனும் இல்லை, இலங்கைக்காரனும் இல்லை என்று இரண்டு நாடும் கைவிரித்திருந்த காலத்தில் தோட்டத்தை விட்டு இறங்கி வந்து, மடவளைக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் காணியில் வீடு கட்டி, மகனைக் கண்டியில் ஓர் இரும்புச் சாமான் கடையில் ஸ்டோர்கீப்பராகச் சேர்த்துவிட்டார். அவ்வளவு மூளை உள்ள மனிதர் ஒரு விஷயத்தில் மட்டும் மூளையைத் தோட்டத்திலேயே வைத்துவிட்டு வந்தார். டிரைவருக்குப் பக்கத்தில் உள்ள முன் சீட், துரை உட்கார்ந்த சீட். அதில் யாரும் உட்காரக் கூடாது.

யாரும் என்றால் யாருமே. பச்சை ரெக்சின் தைத்த அந்தச் சீட்டின் மேல் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருக்கும். நாங்கள் பின்கதவைத் திறந்து, ஒரு ஸ்டூலில் கால்வைத்து ஏறி, இரண்டு பக்கப் பலகைகளிலும் இடிபட்டுக்கொண்டு போவோம். முன்னால் தாத்தா ஓட்டுவார், அவர் காலத்துக்குப் பிறகு அப்பா. பக்கத்தில் வெள்ளைத் துணி. ஒருமுறை கிராம சேவகர் கண்டிக்கு வர இடம் கேட்டார். உத்தியோகத்தர், முன்னால்தானே ஏறப் போவார்? "அதுல ஸ்பிரிங்கு ஒடஞ்சி கெடக்கு சேர்" என்று சொல்லி அவரையும் அப்பா பின்பலகையில் ஏற்றினார். பொய் பேசினால் நாக்கு அழுகும் என்று எங்களை மிரட்டிய அதே வாய்தான்.

ஆயுத பூஜையன்று இன்னும் மோசம். ஸ்டியரிங்குக்குப் பொட்டு, பொனட்டுக்குப் பொட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், இதெல்லாம் எந்த வீட்டிலும் நடப்பது. எங்கள் வீட்டில் அந்தச் சீட்டின் முதுகுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரத்தட்டை அதற்கும் சுற்றுவார்கள். ஒரு வெள்ளைக்காரனின் பின்புறம் பட்ட இடத்துக்கு ஒரு முழுக் குடும்பமும் கைகூப்பி நின்றது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் சாமி எப்போதோ கப்பலேறிப் போய்விட்டது, பூசாரி மட்டும் விடுவதாக இல்லை.

"பாதுகாக்கணும்" என்பது அப்பாவின் வாயில் எப்போதும் இருந்த சொல். பாதுகாத்தது யார் என்று பார்த்தால் அம்மா. கண்டி மழைக்கும் பனிக்கும் இரும்பு சும்மா இருக்காது. துருப் பிடிக்காமல் இருக்க அடிப்பக்கமெல்லாம் கழிவு ஒயில் பூச வேண்டும். "இன்னிக்கு அடிப்பக்கம் பாத்துரு" என்று சொல்லிவிட்டு அப்பா வேலைக்குப் புறப்படுவார். பஸ்ஸில்தான் போவார். ஜீப்பில் போனால் ஜீப் தேய்ந்துபோகுமாம். அம்மா தரையில் சாக்கு விரித்து, மல்லாந்து படுத்து, டயர்களுக்கு நடுவே நுழைவாள். வெளியே வரும்போது முகத்திலும் முடியிலும் கறுப்பாக இருக்கும். அவளுடைய சேலைகள் கிழிவதற்கு முன்பே துடைக்கிற துணியாகிவிடும். அந்த வெள்ளைத் துணியை வாராவாரம் நீலம் போட்டுத் துவைத்ததும் அவள்தான். எங்கள் வீட்டில் முதலில் சிமெந்து பூசிய தரை ஜீப் நின்ற கராஜ். அடுப்படிக்குச் சிமெந்து வந்தது நான் படிப்பிக்கப் போய்ச் சம்பளம் எடுத்த பிறகு.

அந்தச் சீட்டில் துரையின் சுருட்டு சுட்ட ஓட்டை ஒன்று உண்டு. ஒரு வருடம் ரெக்சின் ஓரங்களில் பிரிந்துவிட்டதால் மடவளையிலிருந்து குஷன் வேலை செய்யும் முஸ்லிம் அண்ணன் ஒருவரை, நானா என்போம், அப்பா கூட்டிவந்தார். மனிதர் ஓரங்களைத் தைத்ததோடு நிற்காமல், அதே பச்சையில் துண்டு வெட்டி ஓட்டையையும் அழகாக அடைத்துவிட்டார். அப்பா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்னா நானா இப்படிப் பண்ணிட்டீங்க! அது தொர சுட்ட ஓட்டை. அது இருக்கணும்."

நானா கொஞ்ச நேரம் அப்பாவையும் சீட்டையும் மாறிமாறிப் பார்த்தார். "சேர், ஓட்டைய அடச்சத்துக்கு ஏசிய மனிசன நான் இண்டைக்கித்தான் காணுற" என்றார். பிறகு உட்கார்ந்து தையலைப் பிரித்து, ஓட்டையைத் திரும்ப ஓட்டையாக்கிக் கொடுத்துவிட்டு, ரோட்டில் இறங்கும்வரை சிரித்துக்கொண்டே போனார். அன்றைக்கு அடுப்படியில் நானும் அம்மாவும் சிரித்த சிரிப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்புக்குக் காற்றோட்டம் வேண்டுமென்று அப்பா அதை வெளியே எடுப்பார். தாத்தாவின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்டி வாவியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். வெள்ளைக்காரர்கள் படம் எடுத்தால் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் ஒரு பிடி கூடப் போகும். தம்பி கொழும்பில் வேலைக்குப் போன பிறகு அவனுக்கும் இந்த வியாதி தொற்றியது. பழைய வண்டி வைத்திருப்பவர்களின் கூட்டம் ஒன்றில் சேர்ந்து, "ஒரிஜினல்" என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு வந்தான். தாத்தா பயத்தில் காலியாக வைத்த சீட்டை அவன் பாரம்பரியம் என்றான். சின்ன வயதில் அதில் ஏறி உட்கார்ந்ததற்காக முதுகில் தழும்பு விழ அடிவாங்கியவன் அவன். அந்த அடியைக்கூடப் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தான்.

இவ்வளவையும் நான் சகித்துக்கொண்டிருப்பேன். அம்மாவுக்கு முழங்கால் போன பிறகு முடியவில்லை.

இரண்டு காலும் வீங்கி, ஸ்டூலில் ஏறிப் பின்கதவால் நுழைவது அவளால் ஆகாத காரியமாகிவிட்டது. பேராதனை ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்கு வரச்சொல்லியிருந்தார்கள். மடவளை பஸ்ஸில் கண்டிக்குப் போய், மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் நடந்து, அங்கே இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். பஸ் படி உயரம். கீழே இருந்து நான் தள்ள, மேலே இருந்து யாராவது கையைப் பிடித்து இழுக்க, அம்மா மூட்டை மாதிரி ஏறுவாள். வீட்டில் ஒரு ஜீப் சிமெந்துத் தரையில் நின்றுகொண்டிருந்தது. அதன் முன் சீட் தரையிலிருந்து ஒரு எட்டு. டாக்டர், முழங்காலுக்கு என்ன ஆயிற்று, கனமான வேலை ஏதாவது செய்வீர்களா என்று கேட்டபோது, கூட வந்திருந்த அப்பா முந்திக்கொண்டு "வயசுதான் சேர்" என்றார். அந்த இடத்திலேயே அவரை ஏதாவது செய்துவிட வேண்டும் போலிருந்தது எனக்கு.

ஒருநாள் பாடசாலையில் தண்ணீர் வரவில்லையென்று பிள்ளைகளை நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்தபோது கராஜ் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ரேடியோச் சத்தம். எட்டிப் பார்த்தேன். வெள்ளைத் துணி மடித்து டிரைவர் சீட்டில் கிடந்தது. துரையின் சீட்டில் அம்மா நன்றாகச் சாய்ந்து, வலிக்கும் காலை முன்பலகையில் தூக்கிப் போட்டுக்கொண்டு, மடியில் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு வெளியே தெரிந்த தகரச் சுவரைப் பார்த்து வாயை மென்றுகொண்டிருந்தாள்.

என்னைக் கண்டதும் அவள் பதறுவாள் என்று நினைத்தேன். காலைக்கூட இறக்கவில்லை.

"எங்கம்மா போறீங்க?" என்று கேட்டேன்.

"இன்னிக்கி கதிர்காமம். இப்பதான் பாதி வழி வந்திருக்கேன்."

எவ்வளவு காலமாக இது நடக்கிறது என்று கேட்டேன். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்தே என்றாள். மாமனார் டீ குடிக்கக் கடைக்குப் போகிற நேரம் பார்த்து முதல்முதலாக உட்கார்ந்தாளாம். பிறகு அது பழக்கமாகிவிட்டது. அடிப்பக்கம் ஒயில் பூசி முடித்ததும் மேலே ஏறி இளைப்பாறுவாள். நான் வயிற்றில் இருந்தபோது மத்தியானத் தூக்கமே அங்கேதானாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா கற்பூரம் காட்டிய இடம் யாருடையது என்று நினைக்க நினைக்க, அவ்வளவு காலத்து எரிச்சலும் இறங்கி வயிறு குளிர்ந்தது.

"அப்ப என்னத்துக்கு பஸ்ஸுல கஷ்டப்படணும்? அப்பாகிட்டச் சொல்லுவோம். அத்தன வருசம் நீங்க ஒக்காந்து ஒன்னும் ஆகலையே."

அம்மா காலை இறக்கினாள். "வாயத் தொறக்காத. ஒளிஞ்சி ஒக்கார்றதுக்கு எவன் தயவும் தேவையில்ல. ரோட்டுல நாலு பேரு பாக்க அதுல போகணும்னா, ஒங்கப்பா தன் வாயால ஏறுன்னு சொல்லணும். நீ சண்ட புடிச்சி வாங்கிக் குடுத்து நான் ஏற மாட்டேன்." அப்படிச் சொல்லிவிட்டுத் துணியை விரித்து, சுருக்கமில்லாமல் தடவி, நொண்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அந்த மனிதர் வாயிலிருந்து அந்தச் சொல் வரும் என்று அவள் இன்னும் காத்திருந்தது எனக்குத் தாங்க முடியவில்லை.

முழங்காலில் ஒப்பரேஷன் என்று முடிவாகி, வார்டில் சேர நாள் கொடுத்தார்கள். நான் அம்மாவின் பேச்சை மீறினேன். முன் சீட்டில் அவளை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லி அப்பாவிடம் நேராகவே கேட்டேன். அவர் உடனே மறுக்கவில்லை. நல்ல யோசனை சொல்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "பின்னுக்குப் பாய் விரிச்சிர்றேன். ரெண்டு பேரு தூக்கி ஏத்திட்டா, கால நீட்டிப் படுத்துக்கிட்டு வரலாமே" என்றார்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பாயில படுக்க வச்சித் தூக்கிக்கிட்டுப் போற நாளு ஒன்னு வரும். அன்னிக்கு விரிக்கச் சொல்லு."

அதற்குப் பிறகு அப்பா என்னோடு பேசவில்லை. தம்பி கொழும்பிலிருந்து கோல் எடுத்து, அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் சீட்டைப் பற்றி ஒன்பது வார்த்தையும் பேசினான். ரெக்சின் பழசு, ஒருதரம் வெடித்தால் அந்த நிறம் கிடைக்காது என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

வார்டுக்குப் போக வேண்டிய காலையில் தூறிக்கொண்டிருந்தது. தலையணை, தட்டு, கோப்பை, சுடுதண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நானும் அம்மாவும் வாசலுக்கு வந்தோம். ஜீப் கராஜிலிருந்து வெளியே எடுக்கப்பட்டு இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா முன்பக்கத்து இடதுகதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைத் துணியைக் காணவில்லை. அவருடைய முகம் ஒரு மாதிரியாக இருந்தது. வாயை இரண்டு தடவை திறந்து மூடினார்.

"ஏறு" என்றார்.

அம்மா நின்றுவிட்டாள். அவள் கை என் தோளில் இருந்தது. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. நான்கூட அந்த ஒரு நொடியில் அந்த மனிதரை மன்னித்துவிட்டேன். அவள் மற்றக் கையால் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, என்னோடு மெதுவாக ஜீப்பண்டை போனாள்.

"இரு இரு" என்று அப்பா குனிந்தார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த பேப்பரை எடுத்து, ஒவ்வொரு தாளாக உதறி, சீட்டின் மேலும் முதுகிலும் விரித்தார். சுருட்டு ஓட்டை இருந்த இடத்தில் இரண்டு தாளாகப் போட்டார். மூலைகளை உள்ளே செருகினார். "ஈரத்தோட இருக்க... ரெக்சின் பாரு..." என்று முணுமுணுத்துக்கொண்டே, இப்போது எல்லாம் சரி என்பது போல நிமிர்ந்தார்.

அந்தச் சீட்டில் அம்மா கதிர்காமம் போய்வந்த கதையை எடுத்து முகத்தில் அடித்திருக்கலாம். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அம்மா என் தோளில் இருந்த கையால் அழுத்திக் கிள்ளினாள். பேப்பரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவை அவர் கையிலிருந்து வாங்கி, தாத்தா காலத்திலிருந்து யாரும் சாத்தாத சத்தத்தோடு சாத்தினாள். கராஜ் தகரம் அதிர்ந்தது.

"வா" என்றாள் என்னிடம்.

"இருங்க, த்ரீவீல் ஒன்னு கூப்பிடுறேன்."

"பஸ்ஸுலயே போவோம்."

பஸ் நிற்கும் இடத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து இறக்கம். முழங்கால் நோயாளிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எமன். ஒவ்வொரு அடிக்கும் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு என் தோளில் பாரத்தைப் போட்டாள். அப்பா முதல் கியரில் ஜீப்பை உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். "ஏறு... நனையாத... ஊரு பாக்குது" என்று ஜன்னலால் தலையை நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். ஊர் பார்க்கத்தான் செய்தது. கடைவாசலில் நின்றவர்கள் ஜீப்பைப் பார்த்து வழக்கம்போல் தலையாட்டினார்கள்.

பஸ் வந்தது. நான் தள்ள, கண்டக்டர் இழுக்க, அம்மா ஏறினாள். ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். அம்மா காலை நீட்டி, மூச்சு வாங்கி முடித்த பிறகு என்னைப் பார்த்தாள்.

"பேப்பரப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அதுவும் பழசு" என்றாள். "இன்னிக்குப் பேப்பரு வாசல்லயே கெடந்துச்சு. அத எடுத்து விரிக்க அவருக்கு மனசு வரல. அத அவரு இன்னும் படிக்கல."

பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனபோது திரும்பிப் பார்த்தேன். மழையில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஜீப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. காக்கிச் சட்டையோடு அப்பாவும், அவருக்குப் பக்கத்தில் பேப்பர் விரித்த சீட்டும் தெரிந்தன.

"அப்பா பின்னாடியே வர்றாரு. தனியா" என்றேன்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னாள்:

"தனியா என்னத்துக்கு? தொணைக்குத்தான் தொர இருக்காரே."